கத்தி வைக்காமல் ஒரு கஃபே ரேசர்

வாசகர் கேள்வி – பதில்: பெங்களூரு வண்டிப் பட்டறை

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆசையைச் சொல்கின்றன. வீட்டில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளைத் தாழ்ந்த ஹேண்டில்பாரும் திமில் வைத்த ஒற்றை இருக்கையும் கொண்ட கஃபே ரேசராக மாற்ற வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஐயா, சென்ற ஆண்டு காலமான என் அப்பாவின் 1989ஆம் ஆண்டுப் புல்லட் 350, வேலூர் பதிவு எண்ணுடன், ஒன்பது ஆண்டுகளாக ஓடாமல் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. அதைக் கஃபே ரேசராக்கி ஓட்ட விரும்புகிறேன். பின்பக்கச் சேஸிஸை அறுத்து வளையம் ஒன்றை வெல்டிங் செய்தால்தான் அந்தத் தோற்றம் வரும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?
– அல்சூர் வாசகர்

அறுக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதை நிதானமாகப் பேச முடியும். என் இருபத்தைந்தாம் வயதில் நானும் ஒரு புல்லட்டின் பின்பகுதியை அறுத்தேன். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்தபோது ஆய்வாளர் வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார், ஒரு வார்த்தையும் பேசாமல் காகிதங்களை என் கையில் திருப்பிக் கொடுத்தார். அறுத்த துண்டைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டிருந்ததால், அதே போன்ற இன்னொரு பின்பகுதியைத் தேடிச் சிவாஜிநகரின் பழைய உதிரிபாகச் சந்துகளில் பல வாரங்கள் அலைந்தேன்.

அறுக்கக் கூடாது என்பதற்குச் சட்டம் ஒரு காரணம் மட்டுமே. புல்லட்டின் பின் ஷாக் அப்சார்பர்களின் மேல்முனையை அந்தப் பின்பகுதிதான் தாங்குகிறது. அதற்குப் பக்கத்தில் தேர்ச்சியில்லாத கையால் வெல்டிங் செய்தால், குழாய் சூட்டில் இழுபட்டுக் கோணும். வண்டி நேராக ஓடாமல் ஒரு பக்கம் இழுக்கும்போதுதான் அது தெரியவரும், அதற்குள் மேலே பெயின்ட்டும் பூசி முடித்திருப்பார்கள். கஃபே ரேசரின் தோற்றம் உண்மையில் ஒரே ஒரு கோட்டில் இருக்கிறது. டேங்கின் அடிவிளிம்பும் இருக்கையின் அடிவிளிம்பும் தரைக்கு இணையாக ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். பழைய இருக்கையைக் கழற்றி, அது பொருந்தியிருந்த அதே போல்ட் துளைகளில் பொருந்தும்படி ஒரு தகட்டு அடித்தளம் செய்து, அதன்மேல் திமில் வைத்த ஒற்றை இருக்கையைக் கட்டினால் அந்தக் கோடு ஏறக்குறைய முழுமையாகவே கிடைத்துவிடும். பழைய இருக்கை, ஹேண்டில்பார், மட்கார்டு எல்லாவற்றையும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்துவிடுங்கள். வண்டி என்றைக்கும் உங்கள் அப்பாவின் வண்டியாகத் திரும்பும் நிலையிலேயே இருக்கட்டும்.

இனி, எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் காகிதத்தை எடுங்கள். உரிமையாளர் காலமானால் வாரிசு மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றம் கோர வேண்டும். காலம் கடந்திருந்தால் தாமதக் கட்டணத்தோடு அதை முடியுங்கள். வேறு மாநிலப் பதிவு எண்ணோடு ஓர் ஆண்டுக்கு மேல் கர்நாடகத்தில் ஓட்டக் கூடாது என்பதால், படிவம் 28 மூலம் வேலூரிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே புதிய எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக நிற்கும் உங்கள் வண்டிக்கு அது நிச்சயம் காலாவதியாகியிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் வண்டி தன் பழைய உருவத்தில், சேஸிஸ் எண்ணைப் பென்சில் அச்சு எடுக்கும் நிலையில் நிற்க வேண்டும் என்பதால்தான், கழற்றுவதற்கு முன்பே இதை முடிக்கச் சொல்கிறேன். பிற்பாடு சேஸிஸை மணல் வீச்சுக்கோ பவுடர் கோட்டிங்குக்கோ அனுப்பும்போது, எண் பொறித்த இடத்தை டேப் ஒட்டி மறைத்துக் கொடுங்கள். தடித்த பூச்சு அந்த எழுத்துகளை நிரப்பிவிட்டால், எண்ணைத் திருத்தியவர் என்ற சந்தேகம் உங்கள்மேல் விழும்.

அடுத்து எஞ்சின். ஒன்பது ஆண்டு நின்ற புல்லட்டை எடுத்த எடுப்பில் கிக்கரை உதைத்துக் கிளப்பப் பார்க்காதீர்கள். நின்ற காலத்தில் ஆயில் தொட்டியிலிருந்த எண்ணெய் சிறுகச் சிறுகக் கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கும், மேலே சிலிண்டர் சுவரோ உலர்ந்து துருவேறியிருக்கும். பிளக்கைக் கழற்றி, சில சொட்டு ஆயிலைச் சிலிண்டருக்குள் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றாலும்கூட ஹெட்டையும் பேரலையும் இறக்கிப் பார்ப்பதே நல்லது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட இந்த 346 சி.சி. எஞ்சின் மெல்ல மூச்சுவிட்டு நெடுந்தூரம் இழுப்பதற்காக உருவானது. அந்தக் காலப் புல்லட்டின் கனெக்டிங் ராடு பெரிய முனையில் ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ் எனும் உலோக வளையம் ஒன்றுதான் இருக்கிறது. சுத்தமான ஆயில் தொடர்ந்து கிடைக்கும்வரை அது பல்லாண்டு உழைக்கும். கஃபே ரேசர் இருக்கையில் குனிந்து உட்கார்ந்ததும் வலது கை தானாக ஆக்சிலரேட்டரை முறுக்கத் தொடங்கும், அப்படி நெடுநேரம் முறுக்கியே ஓட்டினால் முதலில் போவது அந்தப் புஷ்தான். டேப்பட்டை, அதாவது வால்வு இடைவெளியை, சரிசெய்யும்போது எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். தள்ளுகோலை விரலால் சுற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. தீப்பொறியை உண்டாக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்.

மூன்றாவதாகத்தான் உருவம். இங்கே உங்கள் மாடலுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன, படம் பார்த்துப் பாகம் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இவற்றில்தான். முதலாவது முகப்பு. உங்கள் புல்லட்டில் ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், இரண்டு சிறு விளக்குகள் எல்லாவற்றையும் தாங்கும் அந்த வார்ப்பு முகப்பே, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்முனையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாகக் கவ்வும் கிளிப்-ஆன் ஹேண்டிலை அதற்கு மேலே மாட்ட வழியில்லை. கீழே கவ்வினால் குனிவு மிகவும் அதிகமாகிவிடும். முகப்பையே நீக்கி லேத்தில் கடைந்த தட்டையான மேல்தகடு போடுகிறவர்கள் உண்டு. அந்தத் தகடு முறிந்தால் ஓட்டுபவரின் முகம்தான் முதலில் தரையைத் தொடும் என்பதால் அதை நான் சிபாரிசு செய்வதில்லை. பழைய ஹேண்டில்பாரின் அதே கவ்விகளில் பொருந்தி, முன்னும் கீழுமாக வளைந்து இறங்கும் ஏஸ் பார் என்றொரு வகை இருக்கிறது. அதையே போடுங்கள். பிடிக்காவிட்டால் அரை மணி நேரத்தில் கழற்றிவிடலாம்.

இரண்டாவது சிக்கல் பின்தள்ளிய மிதிகள், அதாவது ரியர்-செட்கள். உங்கள் வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் ரியர்-செட்கள் பெரும்பாலும் இடது கியர் வண்டிகளுக்கானவை. லேத் பட்டறையில் தனியாகச் செய்யச் சொன்னால், கியர்பெட்டியின் தண்டில் மாட்டும் சிறு கை எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறது என்பதைப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். அது தலைகீழாக அமைந்தால் மேலே ஒன்று, கீழே மூன்று என்றிருக்கும் உங்கள் கியர் வரிசையும் தலைகீழாகும், அவசரத்தில் இறக்க நினைத்து ஏற்றிவிடுவீர்கள். கிக்கரும் அதே வலது பக்கத்தில்தான் இறங்குகிறது. ஆகவே வலது மிதி மடங்கும் வகையாக இல்லையென்றால், முதல் உதையிலேயே கணுக்கால் அதில் மோதும்.

கஃபே ரேசர் என்ற பெயர் எப்படி வந்தது? காபிக்கும் பந்தயத்துக்கும் என்ன உறவு?
– ஜெயநகர் வாசகர்

லண்டனின் நார்த் சர்க்குலர் சாலையில் 1938இல் லாரி ஓட்டுநர்களுக்காகத் திறக்கப்பட்ட ஏஸ் கஃபே, இரவு முழுவதும் திறந்திருந்ததால், 1950களில் மோட்டார் சைக்கிள் இளைஞர்களின் கூடுமிடமாயிற்று. ஒரு கஃபேயிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகப் போய்வருவதும், மணிக்கு 100 மைலைத் தொட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதும்தான் அவர்களின் பெருமை. பந்தய வண்டி வாங்கக் காசில்லாததால், அன்றாடம் வேலைக்குப் போகும் வண்டியிலிருந்தே தேவையற்ற எடையைக் கழற்றி, ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள். நார்ட்டன் சேஸிஸில் டிரையம்ஃப் எஞ்சினைப் பொருத்தி டிரைட்டன் என்று பெயரிட்டது அவர்களின் உச்சக்கட்ட வேலை. ராயல் என்ஃபீல்டு 1960களின் நடுவில் 250 சி.சி. கான்டினென்டல் ஜி.டி.யைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்றது அந்த இளைஞர்களைப் பார்த்துத்தான். அதே பெயரில் 2013இல் 535 சி.சி. வண்டியும், 2018இல் 650 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டியும் வந்தன.

சென்னையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் புல்லட்டை மாற்றலாகி வந்தபோது இங்கே கொண்டுவந்தேன். கஃபே ரேசருக்காக ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டரும் குட்டைச் சைலன்சரும் போட்டேன். இப்போது ஐடிலிங் நிலைப்பதில்லை, ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் வெடிக்கிறது. ஒரு மெக்கானிக் கலவையில் பெட்ரோல் அதிகம் என்கிறார், இன்னொருவர் குறைவு என்கிறார்.
– விவேக் நகர் வாசகர்

இருவரும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையை விடக் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னைக்காகச் சரிசெய்த கார்ப்பரேட்டர் இங்கே அதே பெட்ரோலைக் குறைந்த காற்றில் கலப்பதால், கலவை கொஞ்சம் செழிப்பாகும், பிளக் கறுக்கும். முதல் மெக்கானிக் நினைத்தது இதைத்தான். ஆனால் கூம்பு ஃபில்டரும் குட்டைச் சைலன்சரும் அதற்கு நேரெதிராக வேலை செய்கின்றன. பெட்டி இருந்தவரை காற்று அமைதியாக, ஒரே சீராக வந்தது. பெட்டி போனபின் கூடுதல் காற்று நுழைவதோடு, பக்கக் காற்றடிக்கும்போதெல்லாம் அதன் அளவும் மாறுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னால் கேட்கும் வெடிப்பு பெரும்பாலும் மெலிந்த கலவையின் குரல், அல்லது சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் காற்று கசிவதன் குரல். கசிவை முதலில் பாருங்கள், அதைச் சரிசெய்யச் செலவே ஆகாது.

பழைய பெட்டியை மீண்டும் மாட்டுங்கள் என்பதே என் பதிலின் முதல் பாதி. பக்கத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. பெட்டியோடு ஓட்டியபின் பிளக் கறுத்தால், கார்ப்பரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு வரிப்பள்ளம் மேலே ஏற்றுங்கள். கிளிப் ஏறினால் ஊசி இறங்கும், கலவை மெலியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் முனை வெளிர்பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் உடனே நிறுத்துங்கள், மெலிந்த கலவையின் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூம்பு ஃபில்டர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், பெரிய மெயின் ஜெட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் பொறுமையும் வேண்டும்.

ஃபைபரில் செய்த நீண்ட டேங்க் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– கே.ஆர்.புரம் வாசகர்

வேண்டாம். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. சாதாரணப் பிசினில் வார்த்த ஃபைபர் டேங்கின் உட்சுவரை எத்தனால் மெல்ல இளக்கும். கரைந்த பிசின் பசைபோலக் கார்ப்பரேட்டருக்குள் இறங்கி, மிதவை ஊசியிலும் ஜெட்டிலும் ஒட்டிக்கொள்ளும். தகட்டு டேங்க் செய்துகொள்ளுங்கள், அல்லது இருக்கும் டேங்கையே டிங்கரிங் செய்து முழங்கால் படும் இடத்தில் பள்ளம் எடுக்கச் சொல்லுங்கள். பழைய டேங்கின் உள்துருவுக்கு வினிகரும் ஒரு பிடி நட்டும் போட்டுக் குலுக்கி, ஓரிரு நாள் ஊறவைத்துக் கழுவினால் போதும், கழுவியதும் உடனே உலர்த்திப் பெட்ரோல் நிரப்பிவிட வேண்டும். பழைய ரப்பர் பெட்ரோல் குழாயையும் வாஷர்களையும் கையோடு மாற்றிவிடுங்கள், எத்தனாலுக்கு அவையும் தாங்காது.

ஸ்ரீராமபுரத்தில் என் மாமா ஒரு யெஸ்டி ரோட்கிங் வைத்திருக்கிறார், தருவதாகச் சொல்கிறார். இன்னொரு பக்கம் ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 விலைக்கு வந்திருக்கிறது. கஃபே ரேசருக்கு எது உகந்தது?
– ராஜாஜிநகர் வாசகர்

மாமாவிடம் யெஸ்டியைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கஃபே ரேசராக்குவதற்காக அல்ல. மைசூருத் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. முழுமையாக இருக்கும் ஒவ்வொரு பழைய யெஸ்டியும் இனிக் குறையுமே தவிரக் கூடாது. ஜூலை இரண்டாம் ஞாயிறன்று ஜாவா-யெஸ்டி தினத்துக்கு இந்த ஊரில் கூடும் கூட்டத்தில் ஒருமுறை போய் நின்று பாருங்கள், அதன் இரட்டைச் சைலன்சரைக் கழற்ற உங்களுக்கே மனம் வராது.

ஆர்.எக்ஸ். 100 எடை குறைவானது, 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன் தருவது, கஃபே ரேசர் உடம்புக்கு நன்றாகவே பொருந்தும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். அதன் சைலன்சர் வெறும் சத்தம் அடக்கும் குழாயல்ல, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் மூச்சோட்டத்தைக் கணக்கிட்டுச் செய்த அறை அது. அதைக் குட்டையாக வெட்டினால் சத்தம் கூடும், கீழ்வேகத்தின் இழுவை போய்விடும். அடுத்தது, 1996இல் உற்பத்தி நின்றதிலிருந்து மதிப்பு ஏறிக்கொண்டே போகும் இவ்வண்டி திருடர்களுக்கும் பிடித்தமானது. சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு வெளிச்சத்தில் வைத்து ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கிளிப்-ஆன் போட்ட வண்டியில் தினமும் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் வழியாக அலுவலகம் போகிறேன். ஒரு மாதத்தில் இரண்டு மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கிவிட்டன. என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். உயரம்தான் காரணமா?
– பி.டி.எம். லேஅவுட் வாசகி

அம்மா, காரணம் உங்கள் உயரமல்ல, சில்க் போர்டுதான். இந்த அமர்வு வேகத்துக்காக உருவானது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கிப் பிடிக்கும், மணிக்கட்டின் சுமை குறையும். நத்தை வேகத்தில் நகரும் நெரிசலில் அந்தக் காற்று கிடையாது, உடம்பின் மேல்பாதி எடை முழுவதும் இரண்டு உள்ளங்கையில் இறங்குகிறது, கூடவே கிளட்சையும் நூறு முறை பிடிக்கிறீர்கள். கிளிப்-ஆனை ஃபோர்க்கின் மேல்தகட்டுக்கு மேலே வரும்படி உயர்த்துங்கள், அல்லது நான் அல்சூர் வாசகருக்குச் சொன்ன வளைந்த பாருக்கு மாறுங்கள். கிளட்ச், பிரேக் லீவர்களை முழங்கையிலிருந்து விரல்வரை நேர்கோடாக இருக்கும்படி கீழே சாய்த்து முறுக்குங்கள். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடுங்கள், பாதி வலி அதிலேயே போகும். முழங்கால்களால் டேங்கை இறுக்கிக் கொண்டால் எடை கையிலிருந்து தொடைக்கு மாறும். இவ்வளவுக்குப் பிறகும் வலித்தால், வார நாட்களுக்கு வேறு வண்டி, ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்கு இந்த வண்டி என்று பிரித்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

சைலன்சர் பென்டில் (எஞ்சினிலிருந்து வரும் வளைந்த குழாயில்) வெள்ளைத் துணி சுற்றுவது நல்லதா?
– ஆஸ்டின் டவுன் வாசகர்

படத்துக்கு நல்லது, பென்டுக்கு நல்லதல்ல. மழையில் நனைந்த துணி ஈரத்தைக் குழாயோடு பிடித்துவைக்கும், உள்ளுக்குள்ளேயே துரு தின்றுவிடும். அவிழ்த்துப் பார்க்கும் நாளில் குரோமியம் இருக்காது.

போக்குவரத்துக் காவலர் நிறுத்தினால் எவற்றுக்கெல்லாம் அபராதம் விதிக்கலாம்? கஃபே ரேசர் சட்டப்படி குற்றமா?
– ஃப்ரேசர் டவுன் வாசகர்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. நடைமுறையில் காவலரின் காதுதான் முதலில் விழிக்கும், ஆகவே சைலன்சரில் கைவைக்காதவர் பெரும்பாலும் நிறுத்தப்படுவதே இல்லை. அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விபத்து நேர்ந்து காப்பீட்டுக் கணிப்பாளர் வந்து நிற்கும்போது, தெரிவிக்காத ஒவ்வொரு மாற்றமும் இழப்பீட்டை மறுக்க ஒரு காரணமாகலாம்.

கஃபே ரேசர் கட்டுகிறவர்கள் முதலில் கழற்றி எறிவது எவற்றை என்று பார்த்தால், கண்ணாடிகள், பின்னிருக்கைக் கைப்பிடி, சேலைக் காப்பு ஆகிய மூன்றும்தான். மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்பவை. சேலைக் காப்பு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்க வேண்டும் என்று 123ஆம் விதி சொல்கிறது. கண்ணாடியை ஹேண்டில் முனையில் மாட்டும் சிறிய வகையாக மாற்றிக்கொள்ளலாம், அது தோற்றத்தையும் கெடுக்காது. நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள். எஞ்சினை மாற்றினாலும் அப்படியே, பழைய எஞ்சினுக்கும் புதிய எஞ்சினுக்கும் உரிய ரசீதுகளோடு.